பெயரில் ட்ரெபிள், வேலையில் பாஸ்: ஹைகெயின் அம்புக்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர்

"ஏற்கெனவே காதைக் குத்துகிற அம்புக்கு முன்னால் இன்னும் ட்ரெபிளா?" ஹைகெயின் அம்ப் (கிற்றார் சத்தத்தைக் கரகரப்பாக, அதாவது டிஸ்டோர்ஷனாக, உடைத்துத் தருகிற அம்ப்) வைத்திருப்பவர்கள், மேல்பகுதிச் சத்தத்தைத் தூக்கித் தரும் ட்ரெபிள் பூஸ்டர் என்ற சிறு பெட்டியைக் கண்டதும் கேட்பது இதைத்தான். நியாயமான கேள்வி. குமிழை முழுக்கத் திருகி வைத்தால் தகரத்தில் ஆணி கீறுகிற சத்தம்தான் வரும், கம்பியில் கை படாத நேரத்தில் ஊளையும் சேரும். அதே பெட்டியைக் கால்வாசிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, அம்பின் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, பாதியாகக் குறைத்துப் பாருங்கள். தடித்த கம்பியை உள்ளங்கையால் அமத்தி அடிக்கும்போது சேறு மாதிரிக் குழைந்த பாஸ், ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வெட்டி எடுத்தது போல இறுகிவிடும். ஹைகெயின் அம்பில் இந்தப் பெட்டி செய்ய வேண்டிய வேலை ட்ரெபிளைக் கூட்டுவது அல்ல. சத்தம் உடைவதற்கு முன்னால் பாஸைக் கழிப்பதுதான்.

இங்கே பார்க்கப்போவது மூன்று வடிவங்கள்: ரேஞ்ச்மாஸ்டர் என்ற பழைய ட்ரெபிள் பூஸ்டரின் ஜேர்மேனியம் ரான்சிஸ்டர் நகல், அதையே சிலிக்கனில் கட்டியது, மற்ற அம்புகளைப் பாவனை செய்யும் மொடலிங் அம்புகளுக்குள் வருகிற மென்பொருள் வடிவம். வன்னியில் வாசிப்பவருக்கு எது ஏற்றது என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். மேடையில், வெளியில், பகலில் வாசிப்பவருக்குச் சிலிக்கன். மின்விசிறியின் கீழே ஒலிப்பதிவு செய்பவருக்கு ஜேர்மேனியம். வேறு அம்ப் வாங்கும் எண்ணமே இல்லாத பொஸ் கட்டானா (ஒரு மொடலிங் அம்ப்) உரிமையாளருக்கு இரண்டுமே வேண்டாம்.

பெட்டிக்குள் இருப்பது

டல்லஸ் ரேஞ்ச்மாஸ்டர் 1960களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. காலால் மிதிக்கிற பெடல் அல்ல, அம்பின் தலையில் வைக்கிற பெட்டி. அக்கால வொக்ஸ் ஏசி30 போன்ற அம்புகளின் நோர்மல் சனல் இருண்ட, பாஸ் தூக்கலான சத்தம் தரும். அதைத் தெளிவாக்கத்தான் இந்தப் பெட்டி. கிற்றார் கலைஞர்களான ரோரி கலகரும் குயீன் குழுவின் பிரையன் மேயும் ஏசி30க்கு முன்னால் ட்ரெபிள் பூஸ்டர் வைத்தார்கள். பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமி, திருத்தியமைத்த ரேஞ்ச்மாஸ்டரை லேனி அம்புக்கு முன்னால் வைத்தார். கனத்த ரொக் சத்தத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பதால், "ட்ரெபிள் பூஸ்டர் மெற்றலுக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் பேசலாம்.

உள்ளே ஒரேயொரு ரான்சிஸ்டர், பெரும்பாலும் முலார்ட் ஓசி 44. அதைச் சுற்றி 470 கிலோஓம், 68 கிலோஓம், 3.9 கிலோஓம் என மூன்று ரெசிஸ்டர்கள். உள்ளீட்டில் 5 நானோபரட், வெளியீட்டில் 10 நானோபரட், எமிற்றரில் 47 மைக்ரோபரட் கப்பாசிட்டர். கொலெக்டரில் 10 கிலோஓம் வொலியூம் குமிழ் (எமிற்றர், பேஸ், கொலெக்டர் என்பவை ரான்சிஸ்டரின் மூன்று கால்கள்). இவ்வளவுதான்.

முழு விஷயமும் அந்த 5 நானோபரட்டில் இருக்கிறது. ஜேர்மேனியம் சுற்றின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குச் சுற்று காட்டும் தடை) ஏறத்தாழ 10 கிலோஓம். இரண்டும் சேர்ந்தால் 3 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஒரு வெட்டு விழும். அதற்குக் கீழே ஒவ்வொரு எட்டு சுரத்துக்கும் 6 டெசிபெல் வீதம் சத்தம் இறங்கிக்கொண்டே போகும். தடித்த ஈ கம்பியின் அடிச்சுரம் 82 ஹேர்ட்ஸ். மேலே 25 டெசிபெல்லுக்கு மேல் தூக்குகிற இந்தச் சுற்று, 82 ஹேர்ட்ஸில் கிட்டத்தட்ட எதையும் கூட்டுவதில்லை. ஆகவே குமிழை இறக்கி, மேல்பகுதிச் சத்தம் பெடல் இல்லாதபோது இருந்த அளவுக்கு வருமாறு வைத்தால், பாஸ் தானாகவே அடிமட்டத்துக்குப் போய்விடும். குமிழ் ரான்சிஸ்டருக்குப் பிறகு இருப்பதால் எங்கே திருகினாலும் வெட்டின் வடிவம் மாறாது, அளவு மட்டும்தான் மாறும். ஹைகெயினுக்கு நமக்கு வேண்டியது இந்தக் குணம்தான்.

பாஸ் ஏன் முன்னாலேயே போக வேண்டும்

மார்ஷல் ஜேசிஎம் 800, பீவி 5150 அல்லது அதன் வழிவந்த 6505 போன்ற அம்புகளில் பல வால்வுக் கட்டங்கள் அடுத்தடுத்து நின்று சத்தத்தை உடைக்கின்றன. பாஸ் அலைதான் அளவில் பெரியது. அது ஒரு வால்வின் கிரிட்டை (சிக்னல் நுழையும் முனையை) நேர்மின்பக்கம் தள்ளினால் கிரிட் கரண்டை இழுக்கும், அந்தக் கரண்ட் இணைப்புக் கப்பாசிட்டரை ஏற்றிவிடும். ஏறிய மின்னழுத்தம் வடியும்வரை அந்தக் கட்டம் ஒரு கணம் மூச்சடைத்து நிற்கும். காதுக்கு இது "புர்ர்" என்று தெரியும், அடி விழுந்த பிறகே சத்தம் எழும்புவது போல. இரண்டு சுரங்களைச் சேர்த்து அடிக்கும்போது பாஸ் அலை மேல்சுரங்களையும் தன்னோடு சேர்த்துக் குலுக்கும். கோர்ட் கலங்கி, எந்தச் சுரம் எது என்றே தெரியாமல் போகும். டிரொப் சீக்கு இறக்கிய கிற்றாரில் தடித்த கம்பி 65 ஹேர்ட்ஸுக்கு வந்துவிடுவதால் கோளாறு இன்னும் கூடும்.

உடைந்த பிறகு பாஸ் குமிழைக் குறைத்தால் ஏற்கெனவே கலங்கியதைத் தெளிவாக்க முடியாது, மெலிதாக்க மட்டுமே முடியும். முன்னால் கழித்து, பின்னால் கூட்ட வேண்டும். ஜேசிஎம் 800, 5150 இரண்டிலும் டோன் குமிழ்கள் கெயின் கட்டங்களுக்குப் பிறகு வருவதால் இது எளிது. மேசா பூகி மார்க் வரிசையில் டோன் குமிழ்கள் கெயினுக்கு முன்னால் இருக்கின்றன. அங்கே பாஸ் குமிழை 1 அல்லது 2இல் வைத்துவிட்டு, பின்னால் இருக்கும் ஐந்து பட்டை ஈக்குவலைசரில் பாஸை ஏற்றினாலே ட்ரெபிள் பூஸ்டர் செய்கிற வேலை முடிந்துவிடும். மார்க் வைத்திருப்பவர் இந்தப் பெடலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற ஓவர்டிரைவ் பெடலை டிரைவ் பூச்சியம், லெவல் முழுசாக வைத்து அம்புக்கு முன்னால் போடுகிறார்களே, அதுவும் இதே தந்திரம்தான். டியூப் ஸ்க்ரீமரின் உடைக்கும் கட்டத்தில் 4.7 கிலோஓமும் 47 நானோபரட்டும் சேர்ந்து 720 ஹேர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைக்கின்றன. ரேஞ்ச்மாஸ்டர் வெட்டுவது அதைவிட மிக மேலே. வேறுபாடும் அங்கேதான். டியூப் ஸ்க்ரீமர் மேல்பக்கத்தையும் மழித்து நடுவை உந்தும், ட்ரெபிள் பூஸ்டர் மேல்பக்கத்தைத் திறந்தே விடும். டியூப் ஸ்க்ரீமர் வைத்தால் எல்லா அம்பும் ஒரே மாதிரி மூக்கால் பேசுகிறது என்று சலித்தவர்களுக்கு ட்ரெபிள் பூஸ்டர் நல்ல மாற்று. அம்பிலேயே மேல்பக்கம் கூடுதலாக இருந்தால், உதாரணமாக செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கர் போட்ட பெட்டியில், டியூப் ஸ்க்ரீமரே பாதுகாப்பு.

அப்படியே வாங்கி மாட்டினால் போதாது

மூல ரேஞ்ச்மாஸ்டரின் 5 நானோபரட் ஏசி30க்காகப் போட்டது. ஹைகெயின் அம்புக்கு அது மிக மெலிவு, தனியாக வாசிக்கும்போது உயிர் இருக்கும், டிரம்மும் பாஸ் கிற்றாரும் சேர்ந்ததும் கிற்றார் காணாமல் போகும். கடையில் வாங்குவதானால் உள்ளீட்டுக் கப்பாசிட்டரை மாற்றும் சுவிட்சோ குமிழோ இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அனலொக்மான் பீனோ பூஸ்டில் மூன்று நிலைச் சுவிட்ச் உண்டு. கற்றலின்பிரெட் நாகா வைப்பரில் ரேஞ்ச் என்று தனிக் குமிழே உண்டு, ரான்சிஸ்டரும் சிலிக்கன். எலெக்ட்ரோ-ஹார்மொனிக்ஸ் ஸ்க்ரீமிங் பேர்ட் போன்ற ஒற்றைக் குமிழ்ப் பெட்டிகள் விலையில் சுலபம், ஆனால் வெட்டு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கும்.

சொந்தமாகக் கட்டுபவர் 10, 22 நானோபரட் இரண்டையும் சுவிட்சில் போட்டு வைக்கலாம். 10 கிலோஓம் உள்ளீட்டோடு 10 நானோபரட் 1.6 கிலோஹேர்ட்ஸில் வெட்டும், சிங்கிள் கொயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்பில் லீட் வாசிக்க நன்று. 22 நானோபரட் ஏறத்தாழ 720 ஹேர்ட்ஸ், அதாவது டியூப் ஸ்க்ரீமர் வெட்டும் அதே இடம். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப்பும் ஹைகெயினும் என்றால் இந்த 22தான். 47க்குப் போனால் பாஸ் திரும்பி வந்து சேறு மறுபடி தொடங்கும்.

அடுத்த தொல்லை குமிழ். நமக்கு வேண்டியது 5, 6 டெசிபெல் கூட்டல் மட்டுமே. பெட்டி தருவதோ 25க்கு மேல். மீதியைக் கழிக்கக் குமிழை அதன் மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவர வேண்டும். நேர்கோட்டுக் குமிழில், அதாவது "பி" எழுத்துப் போட்டதில், அது தொடக்கத்திலேயே ஒரு மயிரிழை இடம், தொட்டால் தாண்டிவிடும். "ஏ" எழுத்துள்ள லொக் குமிழ் போட்டால் அது 3ஆம் எண்ணுக்கு அருகே வரும், கைக்கு அடங்கும். இன்னும் நல்ல வழி: கொலெக்டரில் 8.2 கிலோஓம் ரெசிஸ்டர், அதற்குக் கீழே 2 கிலோஓம் குமிழ். மொத்தம் 10 கிலோஓமுக்கு மிகக் கிட்ட என்பதால் பயஸ் (சிக்னல் இல்லாதபோது நிற்கும் மின்னழுத்தம்) மாறாது. உச்சச் சத்தம் ஏறத்தாழ 14 டெசிபெல் குறையும், குமிழ் முழுச் சுற்றும் பயன்படும். ஹைகெயினுக்கு மட்டுமே பாவிப்பதென்றால் இதைச் செய்யாமல் பெட்டியை மூடாதீர்கள்.

சத்தத்தை ஏன் இவ்வளவு இறக்க வேண்டும்? அம்பின் முதல் வால்வு ஏறத்தாழ 1 முதல் 2 வோல்ட் பயஸில் நிற்கிறது. பூஸ்டரோ பல வோல்ட் உச்சிக்கு உச்சி தள்ளக்கூடியது. முழுதாகத் தள்ளினால் முதல் கட்டமே நொறுங்கி, அதன் பின் வரும் கட்டங்கள் அந்த நொறுங்கலை மறுபடி மறுபடி நொறுக்கும். மணல் சல்லடையில் போட்டு ஆட்டுவது போன்ற அந்தச் சரசரப்புக்குக் காரணம் இதுதான். அதோடு கம்பி பேசாத நேரத்து இரைச்சலும் அதே 25 டெசிபெல் ஏறிவிடும்.

தொடங்க ஒரு நிலை: 22 நானோபரட், பூஸ்ட் குமிழ், பெடல் இல்லாதபோது இருந்த சத்த அளவைவிடச் சற்று மேல். 6505இல் லீட் சனல் ப்ரீ கெயின் 3 முதல் 4, ரெசனன்ஸ் 5, பிரெசன்ஸ் வழக்கத்தைவிட 2 எண் குறைவு. ஜேசிஎம் 800இல் கெயின் 5, பாஸ் 6, ட்ரெபிள் 4. இரண்டிலும் முதலில் அமத்தி அடிக்கும் அடியைக் கேட்டுக் கெயினைச் சரிசெய்யுங்கள், பிறகே ட்ரெபிளைத் தொடுங்கள். நொய்ஸ் கேட் (வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் பெடல்) வைத்திருந்தால் பூஸ்டருக்குப் பிறகு வைக்க வேண்டும். முன்னால் வைத்தால் பூஸ்டர் தானாகச் செய்கிற இரைச்சல் கேட்டைத் தாண்டியே போகும்.

ஜேர்மேனியமும் நம் வெயிலும்

ஓசி 44 ஒரு காலத்தில் மத்திய அலை வானொலிப் பெட்டிகளில் சாதாரணமாக இருந்த ரான்சிஸ்டர். பழைய ரேடியோ திருத்துபவர்களின் டப்பாவில் இன்றும் கிடைக்க வாய்ப்புண்டு. கறுப்பு வர்ணம் பூசிய கண்ணாடிக் குப்பி, ஒரு பக்கம் சிவப்புப் புள்ளி. புள்ளி இருக்கும் பக்கத்துக் கால் கொலெக்டர். ஆனால் கண்டதும் வாங்கிப் போடக் கூடாது, கசிவு (பேஸுக்குக் கரண்ட் கொடுக்காதபோதும் ஓடும் கரண்ட்) பார்க்க வேண்டும்.

அதற்கு 9 வோல்ட் பற்றரி, 2.2 மெகாஓம், 2.4 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு மல்டிமீற்றர் போதும். இது பிஎன்பி வகை. எமிற்றரைப் பற்றரியின் நேர்முனைக்கும், கொலெக்டரை 2.4 கிலோஓம் வழியாக எதிர்முனைக்கும் கொடுங்கள். பேஸை எதிலும் தொடாமல் விட்டு 2.4 கிலோஓமின் இரு முனைக்கிடையே அளந்தால் வருவது கசிவு: 0.24 வோல்ட் என்றால் 100 மைக்ரோஅம்பியர். பிறகு பேஸை 2.2 மெகாஓம் வழியாக எதிர்முனைக்குக் கொடுங்கள். புதிய அளவிலிருந்து பழைய அளவைக் கழித்து 100ஆல் பெருக்கினால் உண்மையான கெயின் ஏறத்தாழத் தெரியும். 70 முதல் 100 வரை இருந்தால் நல்லது. கசிவு 300 மைக்ரோஅம்பியரைத் தாண்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விரலால் பிடித்தபடி அளக்காதீர்கள், உடற்சூட்டிலேயே எண் ஏறும். வர்ணம் சுரண்டப்பட்ட குப்பியாக இருந்தால் மேசை லைற் வெளிச்சத்திலும் அளவு மாறலாம்.

பயஸ் சரியென்றால் கொலெக்டரில் 7 வோல்ட் அளவில் நிற்கும். பிஎன்பி என்பதால் மீற்றர் கழித்தல் குறியோடு காட்டும். அந்த 7இல்தான் அலையின் ஒரு பக்கம் மட்டும் முதலில் மழுங்கி, ரேஞ்ச்மாஸ்டருக்கே உரிய கரகரத்த இனிமை வரும். இனி வெயில். ஜேர்மேனியத்தின் கசிவு ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும். 25 பாகையில் அடிப்படைக் கசிவு (மேலே அளந்தது ரான்சிஸ்டரின் கெயின் பெருக்கிய கசிவு, இது பெருக்காதது) 2 மைக்ரோஅம்பியர் என்று வைத்தால், கிளிநொச்சிப் பகல் 35 பாகையில் அது 4. கொலெக்டர் அரை வோல்ட்டுக்குக் கிட்ட இறங்கும். மேடையில் வெயில் நேரே விழுகிற கறுப்புப் பெட்டிக்குள் 45 பாகை என்றால் 8. கொலெக்டர் ஒரு வோல்ட் அளவு இறங்கி 6க்குக் கிட்டப் போகும். சுற்று செத்துவிடாது, 3.9 கிலோஓம் எமிற்றர் ரெசிஸ்டர் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இனிமை குறையும், இரைச்சல் கூடும், அந்த இரைச்சலை ஹைகெயின் அம்ப் பல மடங்கு பெருக்கும். கசிவு கூடிய மலிவு ரான்சிஸ்டர் என்றால் இதுவே மூன்று, நான்கு மடங்கு.

பின்னேரம் சவுண்ட் பார்த்து வைத்த பெடல் இரவு வேறு மாதிரிக் கேட்பதற்குக் காரணம் இது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலோ புளியம்பொக்கணைப் பங்குனிப் பொங்கலோ, நம்மூர்த் திருவிழாக் காலமே வெயில் காலம். ஜேர்மேனியம்தான் வேண்டும் என்பவர்கள் 68 கிலோஓமுக்குப் பதிலாக 47 கிலோஓமும் 50 கிலோஓம் டிரிம்மரும் தொடராக வைத்து, நிகழ்ச்சிக்கு முன் அந்த இடத்திலேயே மீற்றரைப் பார்த்து 7 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். பெட்டியை வெள்ளைத் துணியால் மூடி வைத்தாலும் பயனுண்டு. பற்றவைக்கும்போது ரான்சிஸ்டர் காலில் முதலைக் கிளிப் மாட்டிச் சூட்டை இழுக்க வேண்டும். அல்லது சொக்கெற் வைத்து, எல்லாம் ஆறிய பிறகு ரான்சிஸ்டரைச் செருகுங்கள்.

சிலிக்கன்: மலிவு, மேடைக்கு இது

பிசி 549சி ரான்சிஸ்டர் எந்த ரேடியோ, ரீவி திருத்தும் கடையிலும் கிடைக்கிற வகை, இல்லாவிட்டால் பிசி 547சி. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கிடைக்காதது ஏதும் இருந்தால் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரே கடையில் எல்லாம் வாங்கிவிடலாம். என்பிஎன் என்பதால் மற்றப் பெடல்களைப் போலவே எதிர்முனை நிலம், அடாப்டரைப் பகிரலாம்.

ஆனால் ஜேர்மேனியம் வரைபடத்தில் ரான்சிஸ்டரை மட்டும் மாற்றிப் போட்டால் சரிவராது. சிலிக்கனுக்குப் பேஸில் 0.6 வோல்ட் வேண்டும். 68 கிலோஓமை 100 கிலோஓமாக மாற்றினால் கொலெக்டர் 6.5 முதல் 7 வோல்ட்டில் வந்து நிற்கும். இரண்டாவது, சி வகையின் கெயின் 400க்கு மேல் என்பதால் உள்ளீட்டு இம்பீடன்ஸும் கூடி 28 கிலோஓம் அளவுக்கு வந்துவிடும். அதே 5 நானோபரட் இப்போது 1.1 கிலோஹேர்ட்ஸில்தான் வெட்டும். மூல ரேஞ்ச்மாஸ்டர் வெட்டுக்குக் கிட்ட வேண்டுமென்றால் 2.2 நானோபரட், ஹைகெயினுக்கு 22 நானோபரட்டுக்கு ஏறத்தாழ இணையானது வேண்டுமென்றால் 6.8 நானோபரட். "சிலிக்கன் பூஸ்டர் தடிப்பாகக் கேட்கிறது" என்ற பேச்சில் பாதிக்குக் காரணம் இந்தக் கப்பாசிட்டரை மாற்ற மறந்ததுதான்.

மூன்றாவது, வானொலி. சிலிக்கனின் வேகத்துக்கு வானொலி அலைகள் உள்ளே புகுந்து, பாட்டு நடுவே செய்தி வாசிப்பவர் வந்துவிடுவார். பேஸுக்கும் கொலெக்டருக்கும் இடையே 47 பிக்கோபரட் போடுங்கள். 100 போட்டால் இன்னும் அமைதி, ஆனால் சுற்றின் கெயின் அதைப் பல மடங்காக்கிக் காட்டுவதால் ட்ரெபிளும் மங்கும். பெட்டி உலோகமாக இருக்க வேண்டும். பிஸ்கட் ரின் கூடப் பரவாயில்லை, பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஆகாது.

கால் பிழைப்பதும் அடிக்கடி நடக்கிறது. தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி 549இல் இடமிருந்து கொலெக்டர், பேஸ், எமிற்றர். 2என் 3904இல் எமிற்றர், பேஸ், கொலெக்டர். ஒன்றுக்குப் பதில் மற்றதை அப்படியே செருகினால் சத்தம் வரும், ஆனால் செத்துப் போன மாதிரி வரும். எமிற்றரில் உள்ள 47 மைக்ரோபரட்டின் நேர்முனை என்பிஎன்னில் எமிற்றர் பக்கம், பிஎன்பியில் நிலத்தின் பக்கம்.

வெயிலைப் பொறுத்தவரை சிலிக்கன் அசைவதில்லை. சத்தத்தில் ஜேர்மேனியத்தின் மழுங்கல் கொஞ்சம் குறைவுதான், ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அம்ப் தானே அவ்வளவு உடைக்கும்போது, 3ஆம் எண்ணில் நிற்கிற பூஸ்டரின் மழுங்கலை யார் பிரித்துக் கேட்கப்போகிறார்கள்?

கரண்ட், வயர், ஒழுங்கு

ஜேர்மேனியம் பிஎன்பி பெட்டியில் நேர்முனை நிலத்தோடு சேர்ந்திருக்கும். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரைச் சங்கிலியாகக் கொடுத்தால் பட்ச் வயர் வழியாக அடாப்டர் குறுக்குச் சுற்றாகிவிடும், நல்லகாலம் என்றால் எல்லாப் பெடலும் அணைந்து நிற்கும். தனிப் பற்றரிதான் நல்லது. சுற்று இழுப்பது 0.25 மில்லியம்பியர் அளவு மட்டுமே, ஒரு 9 வோல்ட் பற்றரி ஆயிரம் மணித்தியாலத்தைத் தாண்டும். பெடலில் எல்ஈடி இருந்தால் கணக்கு மாறும், அது மட்டும் சுற்றைப் போல பத்து மடங்கு தின்னும். முனையை மாற்றித் தரும் ஐசிஎல் 7660 சிப் சிலர் போடுகிறார்கள். அதன் அலையி 10 கிலோஹேர்ட்ஸில் ஓடுவதால், ஹைகெயின் அம்பில் மெல்லிய விசில் ஒன்று நிற்காமல் கேட்கும். 7660எஸ் வகையின் பூஸ்ட் காலை நேர்முனைக்குக் கொடுத்தால் அது காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போகும். பவர்பாங்கிலிருந்து 9 வோல்ட் எடுக்கும் வயர்களிலும் இதுபோன்ற இரைச்சல் வரலாம்.

சிங்கிள் கொயில் கிற்றாரில் இன்னொன்று. பூஸ்டர் 50 ஹேர்ட்ஸ் உறுமலைக் குறைக்கும். ஆனால் ஜெனரேட்டர், டிம்மர், மலிவு எல்ஈடி லைற் தரும் கூர்மையான "ஸ்ஸ்" சத்தம் மேலே இருக்கிறது, அதைத் தூக்கிக் கொடுக்கும். லைற் வயரும் கிற்றார் வயரும் பக்கம் பக்கமாக ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறுமலைக் குறைக்க நிலக்கம்பியைக் கழற்றும் வழக்கம் மேடைகளில் இருக்கிறது. நிலத்தில் கோல் அடிக்காத ஜெனரேட்டரில் அப்படிச் செய்துவிட்டு மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து.

பெடல் ஒழுங்கில் ட்ரெபிள் பூஸ்டர் கிற்றாருக்கு அடுத்ததாக, முதலாவதாக நிற்க வேண்டும். குறைந்த இம்பீடன்ஸால் பிக்கப்பைச் சுமையேற்றி மேல்பக்கத்தை மென்மையாக்குவது அதன் குணத்தில் பாதி. முன்னால் பொஸ் டியூ-3 போன்ற பபர் (சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சுற்று) உள்ள டியூனரோ வயர்லெஸ் ரிசீவரோ வந்தால் அந்தச் சுமை பிக்கப்புக்குத் தெரியாது, சத்தம் ஊசியாகும். மேடையில் நடமாடி வாசிக்க வயர்லெஸ் தேவைதான் என்றால், ரிசீவருக்கும் பூஸ்டருக்கும் இடையே 10 முதல் 22 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். ஒரு ஜாக்கின் உள்ளேயே பற்றவைத்துவிடலாம்.

அம்ப் இல்லாமல் மிக்சருக்கு

நம்மூர் இசைக்குழுக்களில் கிற்றார், மல்டி எபெக்ட் வழியாக நேரே மிக்சருக்குப் போவதே பெரும்பாலும் நடப்பது. இங்கே ட்ரெபிள் பூஸ்டர் கெட்ட பெயர் வாங்குகிறது. கிற்றார் ஸ்பீக்கர் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே தானாக வீழ்ந்துவிடும். பிஏ பெட்டியின் ஹோர்ன் அதற்கு மேலும் வெகுதூரம் போகும். உடைந்த சத்தத்தின் சரசரப்பு முழுவதையும் அது குளவிக் கூடு கலைந்தது போலக் கொட்டும். கிற்றார் ஸ்பீக்கர் பெட்டியைப் பாவனை செய்யும் கேபினெட் சிமுலேஷனைப் போட்டு, 5 கிலோஹேர்ட்ஸ் அளவில் ஹை கட் வையுங்கள். அந்த வசதி இல்லாத மல்டி எபெக்ட்டோடு ட்ரெபிள் பூஸ்டரைச் சேர்க்கவே வேண்டாம். டிஜிட்டல் உள்ளீடு வால்வைப் போல மெதுவாக மழுங்காமல் சட்டென்று வெட்டும் என்பதால், பூஸ்டை உள்ளீட்டு விளக்கு சிவக்காத அளவுக்கு இறக்க வேண்டும்.

பொஸ் கட்டானாவில் பூஸ்டர் பகுதியிலேயே ட்ரெபிள் பூஸ்ட் இருக்கிறது, பக்கத்தில் டியூப் ஸ்க்ரீமர் போன்ற டி-ஸ்க்ரீமும் இருக்கிறது. பிரவுன் சனலில் கெயினைப் பாதிக்குக் கீழே வைத்து, ட்ரெபிள் பூஸ்டின் டிரைவைக் குறைத்து லெவலை மட்டும் கொஞ்சம் ஏற்றினால் வெளிப் பெட்டி செய்வதில் பெரும்பகுதி கிடைக்கும். பிக்கப்பைச் சுமையேற்றும் அந்த மென்மை மட்டும் கிடைக்காது, கிற்றாரின் டோன் குமிழை 7க்கு இறக்கி ஈடுசெய்யலாம். லைன் 6 ஹீலிக்ஸ் என்ற மொடலிங் கருவியில் ரேஞ்ச்மாஸ்டரைப் பார்த்துச் செய்த டிரேஞ்ட் மாஸ்டர் இருக்கிறது. கிற்றார் உள்ளீட்டின் இம்பீடன்ஸை மாற்றும் வசதியும் அதில் இருப்பதால், பிக்கப் சுமை வரை நிஜப் பெட்டிக்கு மிக நெருங்கி வரும், ஓசி 44 தேடி அலையவும் வேண்டாம், சித்திரை வெயிலில் மீற்றர் பிடிக்கவும் வேண்டாம்.